அமுக்கு, பிடி

பாலிக் பூலாவிலிருந்து திரும்பும் வழி.
துன் சார்டோன் சாலை
பாயா தெருபோங் பக்கம் இறங்குகிற
மூன்றாவது கொண்டை வளைவில்
கால் வைத்த இடத்தில் பிரேக் இல்லை.
இல்லை என்றும் சொல்ல முடியாது.
பாலில் ஊறிய ரொட்டி மாதிரி
மிதிக்க மிதிக்கத் தரைவரை போனது.

இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும்
எதிரே வந்த லாரிக்காரன் ஒதுங்கிக் கொடுத்த
அரையடி தாரும்
எங்களைப் பிழைக்க வைத்தன.
பின்னால் கூடை நிறைய டுரியான்.
அந்த வாசத்தையும் மீறிக்கொண்டு
முன்சக்கரங்களில் கருகல் நெடி.
பக்கத்து இருக்கையில் மதியழகன்
ஒரு வார்த்தை பேசவில்லை.
தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை
வலதுகாலால் மிதித்துக்கொண்டே இருந்தான்,
கார் நின்ற பிறகும்.

பிரேக் எண்ணெய் தண்ணீர் குடிக்கும்.
யாரும் ஊற்ற வேண்டாம்,
மூடியின் இடுக்கில், ரப்பர்க் குழாயின் தோலில்
காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும்.
பினாங்குக் காற்றைக் கேட்கவா வேண்டும்,
உப்பு ஜாடியில் உப்பே ஒட்டிக் கிடக்கிற ஊர்.
இருநூற்று முப்பதில் கொதிக்க வேண்டியது
நூற்றைம்பது சொச்சத்தில் கொதிக்கிறது.
கொதித்தால் குமிழி.
குமிழி எதற்கும் வளைந்து கொடுக்கும்.
அன்றைக்கு நான் மிதித்தது வெறும் ஆவியை.

ஜெலுத்தோங்கில் பெங் ஹோக்கின் கடை.
பந்தய டப்பாவைக் கையில் எடுத்ததுமே
பிடுங்கி மேல்தட்டில் வைத்துவிட்டான்.
"இதுக்கு முந்நூறு டிகிரிக்கு மேலதான் பசி எடுக்கும்.
நீ தினமும் ஃபேக்டரிக்குப் போறவ.
பள்ளிக்கூட வாசல்ல ஒரு பிள்ளை ஓடி வரும்,
உன் பேட் தூங்கிக்கிட்டு இருக்கும்.
நடுவுல உள்ளதை எடு.
கறுப்பா தூசி கொட்டும், கத்தும்,
ஆனா காலையிலயும் கடிக்கும்."
எண்ணெயில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
முந்நூறு தாண்டிக் கொதிப்பது, இரண்டு புட்டி.
"வருசா வருசம் மாத்தணும்," என்றான்,
"செப்பாங் போறதுன்னா, போகும் முன்னயும் வந்த பின்னயும்."
மொத்தம் ஐந்நூற்று நாற்பது வெள்ளி.
வீட்டில் இருநூறு என்று சொன்னேன்,
சொன்னேன் என்றால்,
குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன்.
ஒன்பது நாளாகப் பேச்சு இல்லை.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
கைலியோடு இறங்கி வந்து
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான்.
அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம், ஜேக்கின் மேல் கார்,
நான் இடது பின்சக்கரத்தருகே, தரையில்.
தூரச் சக்கரம்தான் முதலில்.

அமுக்கு.
அமுக்கிட்டேன்.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
நட்டைத் தளர்த்தினால் குழாய் வழியே
ஜேம் போத்தலில் இறங்கியது
கோப்பி ஓ நிறத்தில் நான்கு வருடம்.
நட்டை இறுக்கினேன். விடு.
விட்டேன்.
அமுக்கு.

மூன்றாம் சக்கரத்தில்
நான் இறுக்குமுன்னே காலை எடுத்துவிட்டான்.
உள்ளே போய்விட்டது காற்று.
திட்ட வாயெடுத்தேன். எடுத்த வாயால்
அமுக்கு, என்றேன்.

"இன்னும் எத்தனை சுத்து?"
"இங்கயா, செப்பாங்லயா?"
பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து,
"இங்க."

மட்கார்டில் ஒரு சொட்டு விழுந்ததை
இரண்டு பேருமே பார்க்கவில்லை.
மறுநாள் அந்த இடத்தில் பெயிண்ட் இல்லை.
கடைசிச் சக்கரத்தில் குமிழி நின்று
வெளிர்மஞ்சள் மட்டும் வந்தது.
கேட்காமலே இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தான்.
"கல்லு மாதிரி இருக்கு."

ஞாயிறு விடிகாலை ஐந்து மணி,
பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைச் சாலை காலி.
புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும்:
எண்பதிலிருந்து இருபது, மறுபடி எண்பது, பத்து முறை.
முழுசாக நிறுத்தக் கூடாது,
சூட்டில் அழுத்திப் பிடித்தால் தழும்பு விழும்.
வரமாட்டேன் என்றவன் வந்து
பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
ஏழாம் முறை ஓரக்கண்ணால் கவனித்தேன்.
அந்த வலதுகால்
இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தது,
என் காலுக்குச் சற்றுப் பிந்தி.